கட்டை விரலில் இருந்த அறிவு

துரோணன் ஏகலைவனிடம் தலையைக் கேட்கவில்லை. கட்டை விரலைக் கேட்டான்.

பாரதம் படிப்போர் இந்த இடத்திற்கு வந்ததும் குருபக்தி, குருபக்தி என்று நெஞ்சுருகிக் கண்ணீர் வடிப்பர். நாம் உருகவில்லை; கேட்கிறோம். ஏன் விரல்? அறிவு தலையிலே மட்டுந்தான் குடியிருக்கிறது, கையிலே இருப்பது வெறும் உழைப்பு என்றால், அந்தக் கையிலிருந்து ஒரு விரலை வெட்டி வாங்க வேண்டிய தேவை என்ன? கதையைக் கட்டியவனுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. நாணை இழுக்கும் அந்த விரலிலே கண்ணின் கணிப்பும், காற்றின் கணக்கும், பல்லாண்டுப் பயிற்சியும் ஒன்றாய்க் கூடி நின்றன. அதுவும் அறிவு! அது வேடன் மகனிடம் இருக்கலாகாது. எனவே, வெட்டு!

கதைதான். நடந்தது என்று நாம் நம்பவில்லை. ஆனால் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் கதை.

இன்று எவரும் வாள் எடுத்து வருவதில்லை. தாள் எடுத்து வருகிறார்கள். வினாத்தாள்! தகுதி என்கிறார்கள், திறமை என்கிறார்கள். அறிவு என்பது ஒன்றே, அது பிறவியிலேயே அமைவது, அதை அளந்துவிட்டோம், எண் கிடைத்துவிட்டது, எண் பொய் சொல்லாது என்கிறார்கள். எண் பொய் சொல்லாது, மெய்தான். எண்ணைக் கையில் ஏந்தி நிற்பவன் சொல்வானே! ஆகவே, அந்த எண்ணின் பிறப்பையும் வளர்ப்பையும் சற்றே புரட்டிப் பார்ப்போம், தோழர்களே.

1905-இல் பாரிசு நகரிலே ஆல்பிரட் பினே என்னும் அறிஞர், தியோடர் சிமோன் என்பாருடன் சேர்ந்து, பள்ளிச் சிறுவர்க்கென ஒரு சோதனை முறையை வகுத்தார். எதற்காக? பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து, தனிக் கவனம் செலுத்தி, கைதூக்கி விடுவதற்காக. மருத்துவன் நாடி பார்ப்பது மருந்து கொடுக்க. சுடுகாட்டுக்கு நாள் குறிக்க அல்ல. பினே பார்த்தது அந்த நாடி. ஒருவனது அறிவு இவ்வளவே, இதைக் கூட்டவே முடியாது என்று பேசியோரை அவர் 1909-இல் வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்பதே அவர் கொள்கை.

அவருடைய அளவுகோல் கடல் கடந்தது. கை மாறியது, கருத்தும் மாறியது. கைதூக்கிவிடச் செய்த கோல், கதவைச் சாத்தும் தாழ்ப்பாள் ஆயிற்று.

முதல் உலகப் போரின்போது, 1917-லும் 1918-லும், அமெரிக்கப் படையினர் 17 இலட்சம் பேருக்கு மேல் அறிவுச் சோதனைக்கு ஆளாயினர். கேட்கப்பட்டவற்றுள் சிலவற்றைப் பாருங்கள். கிறிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிறிஸ்டி மேத்யூசன் எதில் புகழ் பெற்றவர்? கிறிஸ்கோ, அந்நாட்டு அடுக்களையில் புழங்கும் சமையல் கொழுப்பு. மேத்யூசன், அந்நாட்டுப் பேஸ்பால் ஆட்டக்காரர். ஐரோப்பியச் சிற்றூரிலிருந்து கப்பலேறி வந்து நேற்று இறங்கிய தச்சனுக்கு இவை எங்ஙனம் தெரியும்? தெரியவில்லை, ஆகவே, அவன் அறிவிலி! நம்மூர் உழவர் ஒருவர் வினாத்தாள் தயாரித்து, நாற்றங்காலுக்கு எப்போது நீர் கட்டுவது, எப்போது வடிப்பது என்று கேட்டிருந்தால், அந்தப் பேராசிரியப் பெருமக்கள் எத்தனை பேர் தேறியிருப்பர்?

அந்தச் சோதனையின் கணக்கை வைத்துக் கார்ல் பிரிகாம் என்பார் 1923-இல் ஒரு நூல் எழுதினார். வட ஐரோப்பியர் அறிவில் உயர்ந்தோர். தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் தாழ்ந்தோர் என்றார். நமக்குக் கேட்ட குரலாக இருக்கிறதல்லவா? இங்கே முகத்திற் பிறந்தவன், காலிற் பிறந்தவன் என்று ஓலைச்சுவடியில் எழுதினர். அங்கே புள்ளிவிவரத்தில் எழுதினர். 1924-இல் தென், கிழக்கு ஐரோப்பியர் வருகையைக் குறுக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. 1926-இல் கல்லூரி நுழைவுக்கென ‘சாட்’ என்னும் தேர்வு வந்தது. அதை ஆக்கித் தந்தவர் அதே பிரிகாம்! 1930-இல், இனங்களை ஒப்பிட்டுத் தாம் கூறிய முடிவு அடிப்படையற்றது என்று அவரே எழுதிக் கைவிட்டார். மெச்சத்தக்க நேர்மைதான். ஆனால் நூலாசிரியர் மனம் மாறியதால் சட்டம் மாறிவிடவில்லை. நாட்டுவாரியாக ஆளை அளந்துவிட்ட அந்த ஏற்பாடு 1965 வரை நீடித்தது.

இன்னொரு கொடுமையும் கேளுங்கள். மந்தபுத்தி என்று முத்திரை குத்தப்பட்டவர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் வர்ஜீனியா மாநிலச் சட்டம் செல்லும் என்று 1927-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய சட்டங்களால் அந்நாட்டில் 60,000 பேருக்கு மேல் கருத்தடைக்கு ஆளாயினர். அளவுகோல் கத்தியாக மாற அதிக காலம் பிடிக்கவில்லை!

சரி, வெற்றியையாவது அந்தக் கோல் சரியாகச் சொன்னதா? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து லூயிஸ் டெர்மன் 1921-இல் மேதைகளைத் தேடிப் புறப்பட்டார். சோதித்துச் சலித்து, 1,500-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைப் பொறுக்கி எடுத்தார். அவர்கள் வளர வளரக் கண்காணித்தார். நல்ல வேலை, நல்ல வருவாய் பெற்றோர் அவர்களிடையே பலர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நோபல் பரிசு பெற்றவர் ஒருவரும் இல்லை. போதிய எண் இல்லை என்று டெர்மன் தள்ளிவிட்ட சிறுவருள் இருவர் பெற்றனர்! ஒருவர் வில்லியம் ஷாக்லி, 1956-இல்; மற்றவர் லூயிஸ் அல்வாரெஸ், 1968-இல். இருவரும் இயற்பியல் வல்லுநர்.

இந்த ஷாக்லியின் பிற்காலம் இன்னும் பெரிய பாடம். தம்மைத் தள்ளிய அதே கோலைத் தாமே தூக்கிக்கொண்டு, கறுப்பின மக்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்தார். டிரான்சிஸ்டரின் நுட்பம் தெரிந்த மூளைக்குத் தன் வாழ்வின் பொருள் தெரியவில்லை! ஒரு துறையில் மின்னும் அறிவு மறு துறையில் இருண்டு கிடக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிறவி, பிறவி என்போர்க்கு இன்னொரு செய்தி. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அறிவுச் சோதனை மதிப்பெண்களின் சராசரி, பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி வீதம் ஏறிக்கொண்டே வந்தது என்று ஜேம்ஸ் பிளின் 1984-இல் எடுத்துக்காட்டினார். ஒரு நாட்டின் இரத்தம் முப்பது ஆண்டில் மாறுமா? மாறாது. மாறியது உணவு, பள்ளி, வாழ்க்கை!

அப்படியானால் அறிவு எத்தனை வகை? 1983-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்து ஹோவர்டு கார்ட்னர் ஏழு என்றார். சொல்லாளும் அறிவு, கணித அறிவு, இடத்தையும் வடிவத்தையும் உணரும் அறிவு, இசை அறிவு, உடலை ஆளும் அறிவு, பிறரை அறியும் அறிவு, தன்னை அறியும் அறிவு என வகுத்தார். இயற்கையை அறியும் அறிவு எனப் பின்னர் எட்டாவதையும் சேர்த்தார். இந்தப் பகுப்புக்குச் சோதனைச் சான்று போதாது என்று உளவியலார் பலர் மறுக்கின்றனர். ஒரு வகைச் சோதனையில் தேறுபவர் மற்ற வகைகளிலும் தேறும் போக்கு உண்டு என்று சார்லஸ் ஸ்பியர்மன் 1904-லேயே காட்டியிருக்கிறார். இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. தனக்கு இனிக்கும் கோட்பாட்டையும் உரைத்துப் பார்ப்பவனே பகுத்தறிவாளன். ஏழா, எட்டா என்ற வழக்கை ஆய்வாளர் தீர்க்கட்டும். நாம் காண்பது வாழ்க்கை.

பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களை ஆய்வாளர் மூவர் ஆராய்ந்து, 1985-இல் முடிவை வெளியிட்டனர். கடையில், வாங்குவோர் போல நின்று கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டுக்குச் சரியான விடை வந்தது. அதே சிறுவரிடம் அதே வகைக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது, சரியான விடை 37 விழுக்காடே! மூளை ஒன்று, கணக்கு ஒன்று. களம் மாறியதும் மேதை மண்டு ஆகிவிட்டான். குற்றம் சிறுவன்மீதா, தாளின்மீதா?

தாள் தேடாத அறிவு உயிர் காத்த வரலாறும் உண்டு. விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர், தச்சர் மகன், தச்சு வேலை கற்றவர். கல்லூரிக்கெனச் சேர்த்த பணம் பொருளாதார வீழ்ச்சியில் அழிந்தது. 1930-இல் ஆல்பிரட் பிளாலாக் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். ஏட்டில் அவருக்கு இட்ட பதவி, கூட்டித் துடைப்பவர்! அந்தக் கைகள்தாம், இதயக் கோளாற்றால் நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளைக் காக்கும் அறுவை முறையை விலங்குகளிடம் செய்து செய்து செம்மைப்படுத்தின. 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் குழந்தைக்குப் பிளாலாக் அந்த அறுவையைச் செய்தபோது, அவர் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று வழி சொன்னவர் தாமஸ். பட்டம் பெற்றவர் கத்தி பிடித்தார். பட்டம் பெறாதவர் பாதை காட்டினார். ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது 1976-இல். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து!

நம் கடற்கரைக்கு வாருங்கள். வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று முகத்தில் பட்ட காற்றைக் கொண்டே சொல்கிறார் மீனவர். நீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் பார்த்து மீன் கூட்டத்தை அறிகிறார். கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலமே கடன் வாங்கியது. ஆனால் அவருக்கு நாட்டார் வழங்கிய பட்டம், படிக்காதவர்!

இங்கேதான், தோழர்களே, கவனம் வேண்டும். கையிலும் அறிவு உண்டு என்று நாம் சொன்னதும், பழமை விரும்பிகள் கைதட்டி ஓடி வருவார்கள். “ஆகா, நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்! ஒவ்வொருவருக்கும் ஓர் அறிவு. தச்சன் மகனுக்குத் தச்சறிவு, குயவன் மகனுக்குச் சக்கர அறிவு. அவரவர் அறிவை அவரவர் வளர்க்கட்டும்” என்பார்கள். இந்தத் தேனில் நஞ்சு இருக்கிறது. நாம் அதைக் குடித்துப் பார்த்தவர்கள்!

1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சியிலே வந்ததே ஒரு திட்டம். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் அப்பன் தொழில். கைத்தொழிலின் பெருமையைக் கூறித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டித் தமிழகம் கொதித்தெழுந்தது. பெரியார் அறைகூவல் விடுத்தார். அண்ணாவின் தம்பியர் களம் புகுந்து சிறை சென்றனர். 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார்; காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் குழி தோண்டிப் புதைத்தது. அன்று நம் இயக்கம் கேட்ட கேள்வி இன்றும் விடையின்றி நிற்கிறது. கைத்தொழில் அத்துணை உயர்ந்ததாயின், வழக்குரைஞர் வீட்டுப் பிள்ளை ஏன் வனையவில்லை? நகரத்து அதிகாரி மகன் ஏன் மாலையில் செருப்புத் தைக்கவில்லை?

அறிவு பலவகை என்பது வேறு. அந்த வகையைப் பிறப்பு பங்கிட்டுத் தருகிறது என்பது வேறு. முன்னது அறிவியல் தேடும் உண்மை. பின்னது மனு தேடிய வசதி. ஒரே கோலால் எல்லாரையும் அளந்து, தேறாதவனைத் தள்ளுவது ஒரு வஞ்சகம். ஆளுக்கொரு கோல் தருகிறேன் என்று சொல்லி, அந்தக் கோலைச் சாதி பார்த்துத் தருவது அதனினும் பெரிய வஞ்சகம். நாம் இரண்டையும் எதிர்க்கிறோம்.

வெற்றிக்கு வருவோம். வெற்றி பெற்றவனைக் காட்டி, பார், இவன் அறிவாளி என்கிறார்கள். அவன் ஏறிய ஏணியைக் காட்டுவதில்லை! தமிழ்நாடு தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைச் சட்டம் இயற்றி ஒழித்தது. ஆனால் 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு தமிழ்நாட்டு மாணவர் தலையில் ஏற்றப்பட்டது. தனிப்பயிற்சிக்குச் சென்று மறுமுறை எழுதியோர் பங்கு அதன் பிறகு பெருகியதை 2021-இல் நீதிபதி ஏ.கே.இராசன் குழு எடுத்துக்காட்டியது. ஓராண்டு வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து பயிற்சிக்குப் பணம் கட்ட எந்த வீட்டால் முடியும்? களையெடுத்துக் கூலி பெறும் தாயின் மகளாலா? தேர்வு அளந்தது அறிவை மட்டுமா, அப்பாவின் பணப்பெட்டியையுமா?

இளைஞர்களே! மதிப்பெண்ணைக் கண்டு மயங்காதீர். மதிப்பெண் குறைந்ததென்று மடியாதீர். அதே சமயம், கையறிவே போதும் என்று ஏட்டைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டா. ஏடு நம் பாட்டன்மார்க்கு மறுக்கப்பட்ட செல்வம். போராடிப் பெற்றதைப் புகழ்மொழிக்கு மயங்கி இழப்பதா? குயவர் மகள் கணிதம் பயிலட்டும். கணக்காயர் மகன் களிமண் பிசையட்டும். எவர்க்கு எது கைவரும் என்பதை வாய்ப்பு சொல்லட்டும். பிறப்பு சொல்ல வேண்டாம். எல்லாக் கதவும் எல்லார்க்கும் திறந்தபின், யார் எதில் சிறந்தவர் என்ற ஆராய்ச்சியை ஆர அமர வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை, தகுதி பேசி வருவோரிடம் நாம் ஒரு சொல் சொல்வோம். விரலைத் தரமாட்டோம். ஏட்டையும் விடமாட்டோம். வில்லும் எழுதுகோலும் பிடிக்க அந்தக் கட்டை விரல் எமக்கு வேண்டும்!