மாப்பிள்ளைக்கு முன்னே முகூர்த்தம்

தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு ரகசியம் நன்றாகத் தெரியும். முதல் அத்தியாயத்தில் அவன் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டான். அதற்குள் பத்திரிகையின் அட்டையிலே, "விரைவில்! நெஞ்சை உலுக்கும் நவீனம்!" என்று கொட்டை எழுத்தில் வந்துவிடும். யாருடைய நெஞ்சை எப்படி உலுக்குவது என்று ஆசிரியன் அப்போதுதான் காபியைக் குடித்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்திருப்பான். நானும் இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவன்தான். ஆனால் என் கதை சப்பென்று முடிந்தால் வாசகர் பத்திரிகையை மூடி வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போவார். அவருடைய கால் போகாது, உயிர் போகாது.

காலும் உயிரும் போகக்கூடிய ஒரு தொழிலிலும் இதே வழக்கம் நடக்கிறது. மேல்நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்கள் புதிய ரோலர் கோஸ்டர் ஒன்றை உலகத்துக்கு அறிவிக்கும் விதத்தைத்தான் சொல்கிறேன்.

முதலில் பூங்காவின் ஒரு மூலையில் உயரமான வேலி எழும்பும். வேலியின் மேலே ஒரு புதிர் வாசகம். ஒரு விசித்திரச் சின்னம். "உள்ளே என்ன?" என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு சுபதினத்தில் புகையும் இசையும் முழங்க, பெயரும் உயரமும் வேகமும் வெளியாகும். கூடவே ஒரு படமும் காட்டுவார்கள். வண்டியின் முன்வரிசையில் உட்கார்ந்து நாமே பாய்ந்து விழுவதுபோல இருக்கும். ஆனால் அந்த வண்டி இன்னும் பிறக்கவில்லை; படம் முழுவதும் கணிப்பொறி வரைந்த சித்திரம்! திறக்கும் பருவமும் அப்போதே குறித்தாயிற்று. அடுத்த ஆண்டுக்கான அனுமதிச் சீட்டுகளும் விற்பனைக்கு வந்தாயிற்று.

அந்த அறிவிப்பிலே "உலகிலேயே" என்ற சொல் இல்லாமல் இருக்காது. ஒஹையோ மாநிலத்தில் ஸீடர் பாயின்ட் என்று ஒரு பழைய பூங்கா உண்டு. 2016-ல் அங்கே 'வால்ரேவன்' என்ற கோஸ்டர் திறந்தார்கள். 223 அடி உயரம், மணிக்கு 75 மைல் வேகம். நல்ல யந்திரந்தான். ஆனால் அது பத்து உலக சாதனைகளைப் படைக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். அந்தப் பத்திலே ஒன்று என்ன தெரியுமா? ஒரே பூங்காவில் மிக அதிகமான சவாரிகள் இருக்கின்றன என்பது! மருமகள் வந்ததால் வீட்டில் தலை எண்ணிக்கை கூடிவிட்டது. அதுவும் மருமகளின் சாதனை என்று மாமியார் பறைசாற்றுவது போலல்லவா இருக்கிறது இது?

கூவி விற்பது புதிதல்ல. அதை நான் மறுக்கவில்லை. 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவிலே தாம்ஸன் என்பவர் மணிக்கு ஆறு மைல் வேகத்தில் ஓடும் ஒரு வண்டியை வைத்து, ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு ஜனங்களை ஏற்றினார். கூட்டம் அலைமோதியது. 1927-ல் கானடாவின் கிறிஸ்டல் பீச் பூங்காவில் வந்த 'ஸைக்ளோன்' சவாரிக்குப் பக்கத்திலே ஒரு நர்ஸையே நிறுத்தி வைத்திருந்தார்கள். மயங்கினவர்களுக்கு அவள் உதவினாள். மயங்காதவர்களுக்கோ அவளே விளம்பரமாக நின்றாள். ஆனாலும் அந்த நர்ஸ் கண்ணெதிரே நின்றவள். "இதில் ஏறினால் இப்படியும் ஆகலாம்" என்று வாய் திறக்காமலே சொன்னவள். இன்றைய அறிவிப்பில் அந்த நர்ஸுக்கு இடமில்லை.

இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஆல்டன் டவர்ஸ் என்ற பூங்கா இருக்கிறது. 2013 மார்ச்சில் 'ஸ்மைலர்' என்ற கோஸ்டரைத் திறப்பதாக அறிவித்தார்கள். பதினான்கு முறை தலைகீழாகப் புரட்டும், உலக சாதனை. சிரிக்காதவனையும் சிரிக்க வைக்கும் என்பது அதன் பெருமை. மார்ச்சில் வேலை முடியவில்லை. மே மாதக் கடைசியில்தான் திறந்தது. 2015 ஜூன் 2-ஆம் தேதி, சோதனைக்காக விட்டிருந்த காலி வண்டி ஒன்று தண்டவாளத்தில் நின்றுவிட்டது. ஆபத்தை உணர்ந்த யந்திரம் பின்னால் வந்த வண்டியை நிறுத்தியது. தண்டவாளம் காலியாக இருப்பதாக நினைத்த ஊழியர்கள் யந்திரத்தின் தடையை மீறி வண்டியை அனுப்பினார்கள். பதினாறு பேர் இருந்த வண்டி காலி வண்டியில் மோதியது. இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள்.

அதன் பிறகும் ஓர் அறிக்கை வந்தது: தவறு மனிதத் தவறு என்று. அதாவது, அன்று வேலையில் இருந்த நாலு பேர் தலையில் பழி. அடுத்த ஆண்டு வழக்கு நடந்தபோது நீதிபதி அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. ஊழியர்கள் தம்மால் ஆனதைச் செய்தவர்கள். ஒழுங்கான வேலைமுறையை வகுத்துக் கொடுக்காததே குற்றம் என்றார். கம்பெனிக்கு ஐம்பது லட்சம் பவுன் அபராதம். தலைகீழாக எத்தனை முறை புரட்டுவோம் என்று எண்ணிச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, தண்டவாளத்தில் எத்தனை வண்டி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் முறை தெரியவில்லை!

விளம்பரத்தால்தான் விபத்து நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளம்பரம் யந்திரத்துக்கு முன்னால் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு சாட்சி உண்டு. அது கோஸ்டர் அல்ல, அதன் தம்பியான நீர்ச்சறுக்கு. கான்ஸஸ் மாநிலத்தில் 2014 ஜூலையில் திறந்த அதற்கு 'பைத்தியம்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லைப் பெயராக வைத்தார்கள். 168 அடிக்கு மேல் உயரம், உலகிலேயே உயரமானது. சோதனையின்போது மணல் மூட்டைகளை ஏற்றிய படகுகள் எகிறிப் பறந்தன. திறப்பு விழா பல முறை தள்ளிப்போனது. பெரும்பகுதியை இடித்துத் திருப்பிக் கட்டினார்கள். 2016 ஆகஸ்ட் 7-ஆம் தேதி படகு எகிறியதில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்.

ஒரு தொலைக்காட்சித் தொடரைக் கவருவதற்காக அவசரம் அவசரமாகக் கட்டியது என்று அரசாங்கம் குற்றம் சாட்டியது. 2019-ல் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஏன்? குற்றச்சாட்டை முடிவு செய்யும் சான்றாயத்தாருக்கு, நாடகமாக்கிய அந்தத் தொடரின் காட்சிகளையும் காட்டியது முறையல்ல என்பது காரணங்களில் ஒன்று. கேலிக்கூத்தைப் பாருங்கள்! விளம்பரம் எது, உண்மை எது என்று வழக்குத் தொடுத்தவர்களுக்கே தெரியாத அளவுக்கு இரண்டும் பின்னிப் போயிருந்தன.

"என்ன ஐயா, கோடிக்கணக்கான பேர் ஏறி இறங்குகிறார்கள். சாலையில் போவதைவிட இதில் ஆபத்துக் குறைவு. குழந்தைகள் குதூகலிப்பது உமக்குப் பொறுக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொறியாளர்கள் திறமைசாலிகள் என்பதும் உண்மை; அதனால்தான் எனக்குக் கோபம். அந்தத் திறமையின் உயர்ந்த பகுதி எது? ஓட விடுவதல்ல, நிறுத்துவது. அதே ஸீடர் பாயின்ட் பூங்காவில், 420 அடி உயரமுள்ள தங்கள் பழைய கோஸ்டரைப் புதுப்பித்து 2024 மே மாதம் அமர்க்களமாகத் திறந்தார்கள். வண்டிகளில் குறை தெரிந்ததும் சில நாட்களிலேயே மூடி, அந்த ஆண்டு முழுவதும் மூடியே வைத்தார்கள். ஊர் சிரித்தது. என்னைக் கேட்டால், அந்தப் பூங்கா செய்த மிகப் பெரிய காரியம் அதுதான். ஆனால் மூடுவதை அவமானமாக நினைக்கும்படி செய்தது யார்? முன்கூட்டி முழக்கிய அந்த மேளந்தானே?

பிறப்புக்கு மேளம் கொட்டுகிறவர்கள் சாவை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்ஸியில் 'கிங்டா கா' என்று ஒன்று இருந்தது. 2005-ல் திறந்தபோது 456 அடி. மணிக்கு 128 மைல். உயரத்திலும் வேகத்திலும் உலகில் முதலாவது. திறந்த சில வாரங்களிலேயே பழுதாகி ஆகஸ்ட் வரை நின்றது. பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடியது. 2024 நவம்பர் 10-ஆம் தேதி கடைசியாக ஓடியபோது, அதுதான் கடைசி என்று ஏறினவர்களுக்குத் தெரியாது. நாலு நாள் கழித்து, இனி அது இல்லை என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியிலேயே, 2026-ல் உலக சாதனைகளை முறியடிக்கும் புதிய கோஸ்டர் வரப் போகிறது என்ற முழக்கமும் வந்தது! எழவு வீட்டுப் பந்தலைப் பிரிக்குமுன்னே அங்கேயே கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டுகிறார்கள். 2025 பிப்ரவரியில் வெடி வைத்து அந்தக் கோபுரத்தைச் சாய்த்தார்கள்.

இப்போது சாதனை ஸவூதி அரேபியாவுக்குப் போய்விட்டது. 195 மீட்டர் உயரம், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம். 2019-ல் அறிவித்தபோது 2023-ல் திறப்போம் என்றார்கள். திறந்தது 2025 டிசம்பர் 31-ல். இந்தத் தாமதத்தைக் கேலி செய்தவர்களோடு நான் சேர மாட்டேன். இரண்டு ஆண்டு தாமதம் ஒன்றும் தலைகுனிவல்ல. நாள் குறித்ததுதான் அசட்டுத்தனம்.

நான் கேட்பது அதிகமில்லை. மேளம் கொட்டுங்கள், ஆனால் சோதனை முடிந்த மறுநாள் கொட்டுங்கள். உயரத்தை எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ, சோதனையில் கண்ட குறையையும் அது தீர்ந்த விதத்தையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். யந்திரம் நிற்கச் சொன்னால் நிறுத்துகிற ஊழியனுக்கு ஒரு மாலை போடுங்கள். நம் வீட்டிலே மாப்பிள்ளையைப் பார்த்து, விசாரித்து, மனம் ஒப்பிய பிறகுதான் முகூர்த்தம் குறிக்கிறோம். பெண்ணைக் கொடுக்கிறவன் அவ்வளவு யோசிக்கிறான். பிள்ளையை ஏற்றி அனுப்புகிறவனும் அவ்வளவாவது யோசிக்க வேண்டாமா?