பம்ப் அடிக்கும் தந்தி

நெய்வேலிக்காரரிடம் உங்கள் ஊரின் எதிரி யார் என்று கேட்டால் வெயில் என்பார், தூசி என்பார். சுரங்கத்துக்குள் வேலை பார்ப்பவரைக் கேளுங்கள். 'தண்ணி சார்' என்பார்.

1956-ல் கம்பெனி ஆரம்பித்து, 1957 மே 20-ம் தேதி நேரு வந்து தோண்டுகிற வேலையைத் தொடங்கி வைத்தார். தோண்டவிடாமல் பயமுறுத்திய சமாசாரம் நிலக்கரிக்குக் கீழே இருந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர். இருபது மாடி உயரத்தில் ஒரு தொட்டி கட்டி, அதன் குழாயைச் சுரங்கத்தின் தரைக்கு அடியில் கொண்டுவந்து விட்ட மாதிரி. மேலே மண்ணின் பாரம் இருக்கிறவரை சாதுவாக இருக்கும். மண்ணை வழித்து எடுத்தால் தரையைப் பெயர்த்துக்கொண்டு வரப் பார்க்கும். அதனால் ஆழ்குழாய்களில் பம்ப் வைத்து இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் லீவெல்லாம் பம்ப்புக்குக் கிடையாது.

சரி, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பம்ப் நின்றால் யாருக்குத் தெரியும்?

"மூணாம் நம்பர் நின்னு போச்சு சார்."

"எப்பய்யா நின்னுது?"

"தெரியல சார், இப்பதான் பார்த்தேன்."

உலகத்தின் எல்லா ஆலைகளிலும், எல்லா மொழிகளிலும் நடந்த சம்பாஷணை இது. இதை ஒழிப்பதற்காகத்தான் பம்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்தார்கள். ஆர்.டி.யு. என்பார்கள். மோட்டார் ஓடுகிறதா, எத்தனை ஆம்பியர், நீர்மட்டம் எவ்வளவு என்று கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்கிற பெட்டி.

பெட்டி இரண்டு விதமாகப் பேசும். ஒன்று, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு. வாத்தியார் கூப்பிட்டால்தான் பையன் 'உள்ளேன் ஐயா'. 1979-ல் வந்து இன்னமும் ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்பஸ் இந்த ரகம். இன்னொன்று, கேட்காமலே சொல்வது. 1993-ல் வந்த டி.என்.பி.3-ல் இந்த வசதி உண்டு. ஏதாவது நடந்தால் பெட்டியே முந்திக்கொண்டு சேதி அனுப்பும். மோடம் வைத்தால் இன்ஜினீயரின் மொபைலுக்கு எஸ்.எம்.எஸ்.கூட வரும்.

கேட்க சுகமாக இருக்கிறது. கஷ்டம் செட்டிங்கில்தான்.

மோட்டார் 90 ஆம்பியரைத் தாண்டினால் சேதி சொல் என்று வைக்கிறீர்கள். அது 89.9, 90.1, 89.8, 90.2 என்று ஊசலாடுகிறது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சேதி. விடிவதற்குள் நானூறு எஸ்.எம்.எஸ். மனுஷன் என்ன செய்வான்? போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்குவான். அதனால் 90-ல் அலாரம் அடி, 85-க்கு இறங்கினால்தான் 'சரியாகிவிட்டது' சொல், அதுவும் பத்து செகண்ட் நிலைத்தால் மட்டும் என்று இடைவெளி வைக்க வேண்டும். அற்ப விஷயம் மாதிரி தெரியும். 1994 ஜூலையில் பிரிட்டனில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிஷங்களில் இரண்டே இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரங்கள் 275. எதைப் பார்ப்பார்கள், பாவம்.

இதைவிட மோசம் அலாரமே வராதது. 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவில் ஒஹையோ. ஒரு மின்சாரக் கம்பெனியின் அலாரம் சாஃப்ட்வேர் மத்தியானம் 2.14-க்கு மேல் சத்தமில்லாமல் செத்துப்போனது. லைன்கள் மரத்தில் பட்டு ஒவ்வொன்றாக விழுகின்றன, திரையில் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து போன் செய்து சொன்னவர்களைவிடத் திரையைத்தான் அதிகம் நம்பினார்கள். நாலு மணி பத்து நிமிஷ வாக்கில் அமெரிக்கா, கனடா இரண்டிலுமாக 5 கோடிப் பேர் இருட்டில். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, கண்ட்ரோல் ரூமுக்கு ஆகாது. அதனால்தான் விஷயம் இல்லாவிட்டாலும் சில நிமிஷத்துக்கு ஒரு தரம் 'உயிரோடு இருக்கிறேன்' என்று பெட்டி சொல்ல வேண்டும். அது வராவிட்டால் அதுவே அலாரம். அப்படியே பெட்டிக்கு ஒரு பேட்டரியும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கரண்ட் போச்சு என்று சொல்ல வேண்டிய பெட்டியே கரண்ட் போய்ப் படுத்துக்கொள்வது நம்மூர் விசேஷம்.

வந்த சேதி சரியான சேதியா? பெரிய மோட்டார்களுக்குப் பக்கத்தில் ஓடும் ஒயரில் இரைச்சல் ஏறி 0 எல்லாம் 1 ஆகும். பழைய வைத்தியம் பாரிட்டி. ஒன்றுகளை எண்ணி ஒற்றையா இரட்டையா பார்ப்பது. ஒரு பிட் கெட்டால் பிடிக்கும், இரண்டு கெட்டால் கோட்டை விடும். சும்மா கூட்டிப் பார்த்தாலும் பிரயோசனம் இல்லை. 45, 54 என்று வந்தாலும் 54, 45 என்று வந்தாலும் கூட்டினால் 99 தானே! 1961-ல் பீட்டர்சன் என்பவர் கூட்டாதே, வகு என்றார். மொத்தச் சேதியையும் ஒரு பெரிய எண்ணாகப் பாவித்து, குறிப்பிட்ட ஒன்றால் வகுத்து (கொஞ்சம் விசித்திரமான வகுத்தல்), மீதியை வாலில் ஒட்டி அனுப்பு. வாங்குகிறவரும் வகுத்துப் பார்க்கட்டும். இதுதான் சி.ஆர்.சி. உங்கள் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் இதற்குத் தூரத்து உறவு. ஒரு இலக்கம் தப்பினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மோட்பஸ்ஸில் மீதி 16 பிட். வெறும் குப்பை வந்தால் 65,536-ல் ஒன்று தப்பிப் பிழைத்து உள்ளே நுழையும். செகண்டுக்கு ஒரு குப்பை வருகிற மோசமான லைனில் இது சராசரியாகப் பதினெட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். ஆகவே புத்தியுள்ள இன்ஜினீயர் இன்னொரு காவல் போடுவார். நீர்மட்டம் ஒரு செகண்டில் 40 மீட்டர் ஏறியதாகச் சேதி வந்தால் நம்பாதே.

சி.ஆர்.சி. தபால்காரர் மாதிரி. கடிதம் கிழியாமல் வந்ததா என்று பார்ப்பார், உள்ளே எழுதியிருப்பது நிஜமா என்று பார்க்கமாட்டார். பொய் சொல்லும் சென்சாரைப் பிடிக்க முன்னோர்கள் ஒரு நல்ல தந்திரம் செய்திருக்கிறார்கள். சென்சார் அனுப்பும் கரண்ட் 4 மில்லி ஆம்பியரில் தொடங்கி 20-ல் முடியும். ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? தண்ணீர் காலி என்றால் 4. ஒயர் அறுந்தால் 0. பெருச்சாளி கடித்ததையும் கிணறு வற்றியதையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அந்த நாலு.

இத்தனை காவலும் போட்ட ஒரு ஆலையை எனக்குத் தெரியும், பேர் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தரம் ஒயரைப் பிடுங்கி அலாரம் வருகிறதா என்று சோதிப்பார்கள். வருகிறது. யாருக்கு? ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவருக்கு. அவர் நம்பரை லிஸ்டிலிருந்து எடுக்க பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்ட் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.