கல் பொய் சொல்லவில்லை

சுவீடன் நாட்டவரான குரொன்ஸ்ரெட் 1756இல் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அதனுள்ளிருந்து நீராவி கிளம்பியது. 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குச் சியோலைற் என்று பெயரிட்டார். அவ்வகைக் கல்லை இன்று செயற்கையாக ஆக்கி, அதன் நுண்துளைகளில் செம்பை ஏற்றுகின்றனர். அந்த ஊக்கி, யூரியாவிலிருந்து பிறக்கும் அமோனியாவின் துணையோடு, டீசல் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளை வெறும் நைதரசனாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது.

இத்தகைய ஊக்கிகள் சந்தைக்கு வந்த பின்னர்தான், 2015 செப்டெம்பரில் வோக்ஸ்வேகன் மோசடி அம்பலமானது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வாகனங்களில், சோதனை நடப்பதை உணர்ந்துகொள்ளும் மென்பொருள் இருந்தது. ஆய்வுகூடத்தில் நல்லபிள்ளையாக நின்ற கார், அமெரிக்க வீதிகளில் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 40 மடங்குவரை நஞ்சைக் கக்கியது. அளவீட்டுக் கருவிகளைக் காரிலேயே ஏற்றி, வீதியில் ஓடவிட்டுப் பார்த்த மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே அந்த வேறுபாட்டை வெளிக்கொணர்ந்தனர்.

ஆகவே, புதிய ஊக்கி வந்தால் காற்று தானாகவே தூய்மையாகிவிடும் என்னும் நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. யூரியா போதாமல் விடப்பட்டால் ஊக்கியும் வெறுங்கல்லே. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் புதிய மாதிரிக் கார்களுக்கு வீதிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. வேதியியல் தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சியிருப்பது மனிதரின் நேர்மையும், அதை நம்பியிராத காவலுமே.