வீட்டை இப்போதே கட்டலாமா?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று சொன்ன காலத்தில் மாதத் தவணை என்ற ஒன்று கிடையாது. இன்று சொல்வதானால் "கடனைக் கட்டிப்பார்" என்பதையும் சேர்க்க வேண்டும்!

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. எப்படியோ மூன்று சென்ட் இடம் வாங்கிப் போட்டாயிற்று. லைன் வீட்டு வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது. கடன் வாங்கிக் கட்டிவிடலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

கட்டிவிடலாம் என்பவர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. 6.5 சதவீதமாக இருந்தது டிசம்பருக்குள் 5.25 ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது.

ஆனால் வீட்டுக் கடன் 20 வருடக் கதை. 20 லட்சம் ரூபாயை 8 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 16,730 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 40 லட்சத்தைத் தாண்டியிருக்கும். மாறும் வட்டியாக இருந்தால் இந்தக் கணக்கும் நிலைக்காது. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆகிவிட்டது. ஒன்பதே மாதத்தில்! அப்படி இன்னொரு முறை இரண்டரை சதவீதம் ஏறினால் அதே கடனுக்குத் தவணை 20,000 ரூபாயை நெருங்கிவிடும்; அல்லது வங்கி வருடக் கணக்கை நீட்டிவிடும்.

சரி, வட்டியாவது எல்லா ஊருக்கும் பொது. திருப்பூருக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே சனிக்கிழமை சம்பளம் ஆர்டரைப் பொறுத்தது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் கை நிறையக் காசு. ஆர்டர் இல்லாத வாரத்தில் ஒரு ஷிப்டே சந்தேகம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020-ல் ஊரடங்கு. 2022-ல் நூல் விலை ஏற்றம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. இதில் எதுவும் தொழிலாளி செய்த தப்பு இல்லை. ஆனால் தவணைத் தேதி இதற்கெல்லாம் காத்திருக்காதே!

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டுமானக் கடன் மொத்தமாகக் கைக்கு வராது. வேலை நகர நகரப் பகுதி பகுதியாகத்தான் வரும். வீடு முடிந்து குடி போகும் வரை வாங்கிய பணத்துக்கு வட்டியும் கட்ட வேண்டும், இருக்கிற வீட்டுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும். நடுவில் பணம் தீர்ந்து, பாதிச் சுவரோடு நின்று, கந்து வட்டிக்குப் போவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

அப்படியானால் கட்டவே வேண்டாமா? வேண்டும். சொந்த வீடு என்பது பிள்ளைகளுக்கு நிலையான முகவரி, நிம்மதியான தூக்கம். பொறுத்துக்கொண்டே இருந்தாலும் கூலியும் ஜல்லி விலையும் பொறுக்கப் போவதில்லை. ஆனால் கடன் தொகையை வங்கி அதிகாரியோ மேஸ்திரியோ முடிவு செய்யக் கூடாது. வேலை குறைந்த மாதத்துச் சம்பளம்தான் முடிவு செய்ய வேண்டும். ஓவர்டைம் காசையும் தீபாவளி போனஸையும் கணக்கில் சேர்க்காமல், வீட்டுச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவோ, அதற்குள் தவணை அடங்க வேண்டும். ஆறு மாதத் தவணை தனியாகக் கையில் இருக்க வேண்டும். 20 லட்சத்துக்கு அது அடங்கவில்லையா? 12 லட்சத்தில் தரைத்தளம் மட்டும் கட்டலாம். தவணை சுமார் 10,000 ரூபாய்தான். ஆர்டர் நன்றாக ஓடும் வருடத்தில் போனஸை அசலில் கட்டலாம். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்க முடியாது.

மாடியைப் பிறகு எழுப்பிக்கொள்ளலாம். ஏலத்துக்குப் போன வீட்டைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.