கண்டிகைகளின் கானேஷுமாரி

இன்று சென்ஸஸ் என்று சொல்லப்படுவதற்கு நம் பாட்டனார் காலத்துத் தமிழில் கானேஷுமாரி என்று பெயர். பார்ஸி மொழியிலிருந்து வந்த சொல் அது. ‘கானா’ என்பது வீடு. ‘ஷுமாரி’ என்பது எண்ணுதல். ஆளை எண்ணுவதற்கு முன் அவன் குடியிருக்கும் வீட்டை எண்ண வேண்டும் என்ற உண்மை அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது. 1881 முதல் 2011 வரையில், யுத்தத்தின் நடுவே வந்த 1941-ஆம் வருஷத்தில்கூடச் சுருக்கமாகவேனும், பத்து வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் நடந்து வந்த இக்காரியம் 2021-ல் தவறிற்று. பெருந்தொற்றைக் காரணம் காட்டி ஒத்தி வைத்தார்கள். தொற்று தணிந்த பின்னும் ஒத்தி வைத்துக்கொண்டே போனார்கள். முடிவில் 2025 ஜூன் 16-ந் தேதி வெளியான அறிவிக்கை, 2027 மார்ச் 1-ந் தேதியை ஆதார தினமாகக் குறித்தது. அதற்கு முன்னோடியான வீட்டுப் பட்டியல் வேலைக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள காலம் ஒதுக்கப்பட்டது. பதினாறு வருஷ இடைவெளிக்குப் பின் எடுக்கப்படும் இக்கணக்கு நகரங்களுக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாம் இங்கே பேச விரும்புவது திருத்தணி வட்டத்துக் கே.ஜி.கண்டிகையையும் அதைப் போன்ற சிற்றூர்களையும் பற்றி.

கண்டிகை என்று முடியும் ஊர்ப் பெயர்கள் திருவள்ளூர் ஜில்லாவில் ஏராளம். எல்லையைத் தாண்டினால் அதே சொல் கண்ட்ரிகை என்று ஒலிக்கிறது. அப்போது நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த புட்டம்ராஜு கண்ட்ரிகை என்ற குக்கிராமத்தைக் கிரிக்கெட் வீரர் ஸச்சின் டெண்டுல்கர் 2014-ல் தத்து எடுத்துக்கொண்டபோது, அதன் குடிசைகளையும் குடிநீரையும் பற்றித் தேசம் முழுவதும் படித்தது. அந்த பாக்கியம் எல்லாக் கண்டிகைகளுக்கும் கிட்டுவதில்லை. மற்றவற்றின் நிலைமையைச் சர்க்காரின் காதில் போடக்கூடியது ஜனக் கணக்கு ஒன்றுதான்.

இந்த வட்டாரத்தாருக்குக் கணக்கின் வலிமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கார்வேட்நகரம் ஜமீனைச் சேர்ந்திருந்த திருத்தணி, 1911-ல் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. 1953-ல் அந்த ஜில்லாவோடு ஆந்திராவுக்குப் போயிற்று. ம.பொ.சி., விநாயகம் ஆகியோரின் தலைமையில் நடந்த எல்லைக் கிளர்ச்சியின் பயனாகப் படாஸ்கர் மத்தியஸ்தம் செய்ய வந்தார். தாலுகாவை அன்று, கிராமத்தையே அலகாகக் கொண்டு, எந்த மொழி பேசுவோர் மிகுதி, எந்த ஊர் எதனோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பது என்ற முறை கையாளப்பட்டது. 1959-ல் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தை அடைந்தது. ஒரு சிற்றூரின் வீடுகளில் என்ன மொழி பேசப்படுகிறது என்ற எண்ணிக்கை ராஜ்யங்களின் எல்லைக் கோட்டையே நகர்த்திய பிரதேசம் இது. இன்றும் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழுமாகப் பேசும் குடும்பங்கள் இங்கே பல உண்டு. சென்ஸஸ் விதிப்படி தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி. அதை உள்ளபடி சொல்வதில் எவருக்கும் கூச்சம் வேண்டியதில்லை. எல்லை தீர்ந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

அன்று எல்லை நிர்ணயத்துக்கு உதவிய ‘கிராமம்’ என்ற அந்த அலகுதான் இன்று ஏழைக் குடியிருப்புக்குத் திரையாக நிற்கிறது. சென்ஸஸில் கிராமம் என்பது ரெவினியு கிராமம். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் அத்தகைய கிராமங்கள் 15,979. ஆனால் ஊரக வளர்ச்சி இலாகா கணக்கில் உள்ள குடியிருப்புகளோ 79,000-க்கு மேல். சராசரியாக ஐந்து குடியிருப்புகளின் நிலைமை ஓர் எண்ணுக்குள் அடைக்கப்படுகிறது. தாய்க் கிராமத்தில் மச்சு வீடும், குழாய்த் தண்ணீரும், படித்த பிள்ளைகளும் இருக்கலாம். ஒரு மைல் தள்ளி ஏரிக்கரையில் நாற்பது குடிசைகள் இருக்கலாம். இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் சதவிகிதம் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. அந்த நாற்பதில் ஒரு குடும்பம் பிழைப்புத் தேடிப் போய்விட்டால் அங்கே இரண்டரை சதவிகிதம் காலி. கிராமத்தின் கணக்கிலோ அது தெரியவே தெரியாது.

இனி வீடு, குடும்பம் என்ற சொற்களைப் பார்ப்போம். தனி வாசல் உடையது ஒரு வீடு. ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர் ஒரு குடும்பம். சென்ஸஸ் கையாளும் இந்த இலக்கணம் நம் ஜனங்களின் வழக்கத்தோடு நன்றாகவே பொருந்துகிறது. அண்ணன் தம்பிகள் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ‘உலை வேறு’ என்றால் குடித்தனம் வேறு என்பதை நம் கிழவிகள் அறிவார்கள். ஆனால் கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்றபடியே, “ஒரு வீடுதானே?” என்று எழுதிக்கொண்டு போய்விட்டால், இரண்டு அடுப்பு ஒன்றாகிவிடும். இதன் விளைவு சிறிதன்று. 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை பெருகியது ஏறக்குறைய 15.6 சதவிகிதமே. குடும்பங்களின் எண்ணிக்கையோ சுமார் 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சமாக, அதாவது 30 சதவிகிதம் உயர்ந்தது. சராசரிக் குடும்பத்தில் 4.4 பேர் இருந்தது 3.9 ஆகக் குறைந்தது. தலைகளைவிட அடுப்புகள் இரு மடங்கு வேகத்தில் பெருகுகின்றன. மனை வேண்டுவதும் கூரை வேண்டுவதும் அடுப்புக்கு ஒன்றாகத்தான்.

2010-ல் வீட்டுப் பட்டியல் எடுத்தபோது கேட்கப்பட்டவை 35 விவரங்கள். தரை எது, சுவர் எது, கூரை எது, அறை எத்தனை, மணமான தம்பதிகள் எத்தனை ஜோடி, தண்ணீர் எங்கிருந்து, விளக்கு எது, கழிப்பிடம் உண்டா என்று அவை போகும். இவற்றில் அறையையும் தம்பதிகளையும் பற்றிய இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போதும். ஓர் அறையில் இரண்டு தம்பதிகள் வாழும் வீட்டின் கஷ்டத்தை விளக்கப் பிரசங்கம் தேவையில்லை. நெசவு ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்தில் வீட்டின் முன்கட்டில் தறி ஓடும்; மிஞ்சிய இடத்தில் குடும்பம் ஒடுங்கும். தறி நிற்கும் இடத்தையும் வசிக்கும் அறை என்று எழுதிவிட்டால், காகிதத்தில் அவ்வீடு விசாலமானதாகிவிடும்.

கசப்பான உண்மையைச் சொல்வதிலும் கணக்குக்கு ஒரு பெருமை உண்டு. கல்வியிலும் வைத்தியத்திலும் முன்னணியில் நிற்பதாகப் பேசிக்கொண்டிருந்த நமக்கு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் கழிப்பிடம் உள்ள குடும்பங்கள் 23.2 சதவிகிதமே, இந்திய கிராமங்களின் சராசரியான 30.7-ஐவிடக் குறைவு, என்று 2011 கணக்கு அறிவித்தது. வெட்கப்பட வைத்த அந்த எண்ணுக்குப் பிறகு வேலை நடந்தது என்பதை மறுக்க முடியாது. எவ்வளவு நடந்தது, கட்டியவற்றில் எத்தனைக்குத் தண்ணீர் வருகிறது என்பதை அதே நிதானத்துடன் வீடு வீடாகப் பார்த்து எழுதிய புதுக் கணக்கைக் கொண்டுதான் நிதானிக்க முடியும்.

கணக்கில் விடுபட்டவன் அடையும் நஷ்டத்துக்கும் கண்கூடான திருஷ்டாந்தம் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம வீட்டுத் திட்டம், 2011-ல் தொடங்கிய சமூகப் பொருளாதார, ஜாதிக் கணக்கின் பட்டியலை ஆதாரமாகக் கொண்டது. வீடற்றவர்களும், இரண்டு அறைக்கு மேற்படாத கச்சா வீட்டில் இருப்பவர்களுமே அதில் தகுதி பெற்றார்கள். அன்று எழுதியவர் மண்சுவரைச் செங்கல் என்று எழுதியிருந்தால், அல்லது குடியிருப்பையே பாராமல் போயிருந்தால், அக்குடும்பம் 2018-ல் விடுபட்டோரைத் தேடி வேறொரு கணக்கு தொடங்கும் வரையில் காத்திருக்க நேர்ந்தது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024-ல், 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதாக அறிவித்ததும் குடிசைகளை எண்ணிய ஒரு பட்டியலின் பேரில்தான். ஒரு பத்தியில் தவறாக எழுதிய ஒரு சொல், ஒரு குடும்பத்தை ஏழு மழைக்காலம் நனைய விடுகிறது.

விடுபடுகிறவர்கள் யார் என்பதும் மர்மமன்று. இருளர் குடும்பங்கள் பல பட்டா இல்லாத புறம்போக்கில் குடிசை போட்டிருக்கின்றன. கணக்கெடுக்க வருபவரைக் கண்டால், ‘காலி செய்யச் சொல்ல வந்தவர்’ என்று அஞ்சி ஒதுங்குவது அவர்கள் அனுபவம் கற்பித்த பாடம். இந்தக் கணக்குக்குப் பட்டா தேவையில்லை. சொல்லும் பதிலைக் கோர்ட்டில் சாட்சியமாக வைப்பதையும் 1948-ஆம் வருஷத்து சென்ஸஸ் சட்டம் தடுக்கிறது. இதைத் தண்டோராப் போட்டாவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றொரு சாரார் செங்கற் சூளைகளில் இருக்கிறார்கள். மழை முடிந்ததும் ஒரிஸ்ஸாவின் பலாங்கீர், நுவாபடா ஜில்லாக்களிலிருந்து குழந்தை குட்டிகளுடன் வந்து, வெயில் காலம் முடிய இந்த ஜில்லாவில் கல் அறுக்கும் ஜனங்கள் அவர்கள். தலைக் கணக்கு எடுக்கும் பிப்ரவரி மாதத்தில் அவர்கள் ஊர் வீடு பூட்டிக் கிடக்கும். இங்கேயும் எழுதாவிட்டால் பாரத பூமியில் எங்குமே அவர்கள் இல்லை என்றாகிவிடும். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்து விடுதியில் தங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கதை நேர்மாறு: ஊரிலும் எழுதி, விடுதியிலும் எழுதி இரண்டு பேராக ஆகிவிடக் கூடும். முன்பெல்லாம் ஒரே இரவில் தேசம் முழுவதையும் எண்ணி முடித்தார்கள். 1931-க்குப் பின் அம்முறை கைவிடப்பட்டது. ஒற்றை இரவுக் கணக்கு ஆடிக் கிருத்திகையன்று வந்திருந்தால் திருத்தணி பெரிய பட்டணமாகியிருக்கும்!

சிற்றூரை ஊன்றிப் பார்ப்பது நமக்குப் புதிதுமன்று. 1916-ல் சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதார ஆசிரியராயிருந்த ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி வீட்டுக்கு வீடு விசாரித்து எழுதச் சொன்னார். தூசி, இருவேல்பட்டு, வடமலைப்புரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி முதலிய ஊர்கள் அவ்வாறு 1918-ல் புத்தகமேறின. 1930-களில் தாமஸும் ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். இருவேல்பட்டுக்கு 1980-களில் குஹன் சென்றார். 2008-லும் அறிஞர்கள் சென்றார்கள். ஓர் ஊரின் கதையை நூறு வருஷம் தொடர்ந்து சொல்ல முடிகிறதென்றால், முதல் தடவை போனவர்கள் ஒவ்வொரு வீட்டையும் பார்த்து எழுதியதே காரணம். கண்டிகைகளுக்கு அத்தகைய ஆசிரியர்கள் வாய்க்கவில்லை. உள்ளூர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயரே அவர்களுக்கு ஸ்லேட்டர்.

குக்கிராமத்தின் எண்களைத் தனியே வெளியிட்டால் தனி மனிதர் ரகசியம் அம்பலமாகும் என்று ஓர் ஆட்சேபம் சொல்லப்படலாம். பத்து வீட்டில் ‘விதவை ஒருவர்’ என்றால் அவர் யாரென்று ஊரறியும் என்பது மெய்யே. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்து மோனோவி என்ற ஊரில் இருப்பவர் ஒரே ஒரு மூதாட்டி. 2020 கணக்கு அங்கே இருவர் என்று காட்டிற்று. ரகசியத்தைக் காப்பதற்காகச் சிற்றூர் எண்களை வேண்டுமென்றே சிறிது கலைத்து வெளியிட்டதன் பலன் அது. நமக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம். வயது, ஜாதி, விவாகம் ஆகியவற்றை மறைத்தே வைக்கட்டும். குடியிருப்பில் வீடு எத்தனை, அடுப்பு எத்தனை, ஓலைக் கூரை எத்தனை, குழாய் எத்தனை என்பவை தெருவில் நடப்பவர் கண்ணுக்கே தெரிகின்றன. அவற்றில் ரகசியம் ஏது?

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது இரண்டே. வீட்டுப் பட்டியலின் மொத்த எண்களை ரெவினியு கிராமத்தோடு நிறுத்தாமல் குடியிருப்பு வாரியாக வெளியிட வேண்டும். அவற்றை மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற தினங்களில் கூடும் கிராம சபையில், ஆட்சேபம் சொல்லக் கால அவகாசம் இருக்கும்போதே, உரக்கப் படிக்க வேண்டும். இம்முறை கைப்பேசி வழியாகவே விவரங்கள் பதிவாகும் என்றும், விரும்புவோர் தாமே எழுதிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். நகரத்தாருக்கு அது சௌகரியம். ஏரிக்கரைக் குடிசைக்கு ஆள்தான் வர வேண்டும். கணக்கெடுப்பவர் முதலில் தம் பகுதியின் வரைபடம் தயாரிப்பார். கே.ஜி.கண்டிகையிலும் அக்கம் பக்கத்து ஊர்களிலும் உள்ள படித்த வாலிபர்கள் அன்றைக்கு அவரோடு நடந்து, மேட்டுத் தெருவோடு திரும்பிவிடாமல், சூளைக்கும் ஏரிக்கரைக்கும் அவரை அழைத்துப் போவார்களாக.