சாலைக்கும் உண்டு ஒரு கணக்கு!



1953 ஜூலை 15. கல்லக்குடி களத்தை மறந்திருக்கமாட்டீர்கள். சிமிட்டி ஆலை முதலாளியின் பெயர் தமிழன் ஊருக்குப் பெயராகலாகாது என்று தண்டவாளத்திலே தலைவைத்துப் படுத்தனர் நம்மவர். அன்று மீட்க வேண்டியது ஊரின் பெயர். இன்று, அதே சுண்ணாம்புக்கல் நிலத்தின் இன்னொரு மூலையாம் கல்லங்குறிச்சியிலிருந்து வேறொரு கேள்வி எழுகிறது.

கல்லங்குறிச்சி! ஊரின் பெயரிலேயே கல். இங்குள்ள பாறை அடுக்குக்குப் புவியியல் நூல்கள் இட்டிருக்கும் பெயரும் கல்லங்குறிச்சிதான். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகள் கரியைத் தம் ஓட்டிலே பூட்டி மண்ணிலே புதைந்தன. இயற்கை அத்தனை காலம் காத்த பூட்டை, சூளை ஒரு பொழுதிலே உடைத்துவிடுகிறது.

எப்படி? தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். 44 கிலோ கரியமிலவாயுவாக வானேறும். சூளையை 1,450 பாகை வரை சூடேற்ற எரிக்கும் எரிபொருளின் புகை தனி. உலகம் வெளியிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமிட்டியால் வருவது. வண்டி ஓடும்போது வரும் புகையைக் கண்டு மூக்கைப் பொத்துகிறோம். வண்டி ஓடுமுன்பே சாலையின் வயிற்றுக்குள் புதைந்துவிட்ட புகையை யார் கண்டார்?

ஒப்பந்தப்புள்ளியை எடுத்துப் பாருங்கள். விலை என்ன, வலு என்ன, எத்தனை நாளில் முடியும் — கேட்கிறார்கள். கரி எவ்வளவு? கேட்பாரில்லை! ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்ற வரம்பு வேண்டும் என்கிறோம். இது கனவன்று. நியூயார்க் மாநிலம் 2025 முதல் அரசுப் பணிகளின் கான்கிரீட்டுக்கு அத்தகைய வரம்பை வைத்திருக்கிறது. நெதர்லாந்து, ஒப்பந்தம் தருகையில் பொருளின் சுற்றுச்சூழல் கேட்டையும் காசாக்கிக் கணக்கிடுகிறது. இந்திய ஒன்றிய அரசும் 2024-ல் பசுமை எஃகுக்கு இலக்கணம் வகுத்தது. 2025-ல் சிமிட்டி ஆலைகளுக்கு உமிழ்வு இலக்கு அறிவித்தது. நல்லது! ஆனால் அது விற்பவனுக்கு இட்ட கட்டு. சாலைக்குப் பொருள் வாங்கும் பெரிய கை அரசின் கை அன்றோ? அந்தக் கைக்குக் கட்டு எங்கே?

"விலை ஏறும், வலு குன்றும்" என்பார் சிலர். அனல்மின் நிலையச் சாம்பலை நூற்றுக்கு 35 வரையிலும், இரும்பு உலைக் கசடை 70 வரையிலும் சிமிட்டியில் கலக்க இந்தியத் தரவிதிகளே இடம் தருகின்றன. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த சிமிட்டிக்கு 2023-ல் தரவிதி வந்துவிட்டது. சாம்பலுக்கு நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது. சாம்பற் கலவை மெல்லத்தான் இறுகும், உண்மை. அதற்கு மருந்து, கூடுதல் நாள் நீராட்டுவதும், பொறுத்துச் சாலையைத் திறப்பதும். திறப்பு விழா அவசரத்துக்காகக் கலவையைப் பழிக்கலாமா?

இன்னொன்றும் சொல்வோம். கரிக் கணக்கைச் சாலையின் ஆயுளோடு சேர்த்தே எழுத வேண்டும். குறைந்த கரியில் போட்டு மூன்றே ஆண்டில் பெயர்ந்து, மீண்டும் போடும் சாலை, இரட்டைக் கரிச் சாலை! வரம்பு காகிதத்தோடு நின்றாலும் கேடுதான். சான்றிதழ் வாங்கப் பெரிய ஆலைக்குப் பணமுண்டு. சிறிய ஒப்பந்தக்காரருக்கு ஏது? ஆகவே அளக்கும் பொறுப்பை அரசே ஏற்கட்டும். முதலில் அளந்து ஊரறிய வெளியிடுக. பிறகு வரம்பு வகுக்க. பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறுக்குக.

ஆலையை மூடு என்பதன்று நம் பேச்சு. சுரங்கத்திலும் லாரியிலும் வியர்வை சிந்தும் தோழர்கள் நம்மவர். கலவை மாறும்போது அவர்கள் வேலைக்கும் வழி காட்டும் கடமை அரசுக்கு உண்டு. அதையும் சேர்த்தே கேட்கிறோம்.

அடுத்த கிராமசபையிலே, உங்கள் ஊர்ச் சாலைக்கு மதிப்பீடு படிக்கப்படும்போது எழுந்து கேளுங்கள்: "இதில் கரி எவ்வளவு?" விடை தெரியாமல் விழிப்பார்கள். விழிக்கட்டும்! விடை தேடும் வேலை அங்கேதான் தொடங்கும்.