கல்லூரிகள் தங்கள் நீர்க்கணக்கை ஊரிடம் காட்டட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரம் கடந்த அரை நூற்றாண்டில் ஒரு கல்வி வட்டாரமாகவும் வளர்ந்திருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரியும் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. மகாராஜபுரம் போன்ற மலையடிவார ஊர்களின் பிள்ளைகள் மதுரைக்கோ சென்னைக்கோ போகாமலே பட்டம் வாங்க முடிகிறது. வானம் பார்த்த விருதுநகர் மாவட்டத்துக்கு இது சிறிய பேறு அல்ல.

இன்று கல்லூரிகள் எல்லாமே பசுமை வளாகம் பற்றிப் பேசுகின்றன. பேசியாக வேண்டிய கட்டாயமும் உண்டு. தேசிய தர மதிப்பீட்டுக் குழுவான ‘நாக்’, தன் ஏழாவது அளவுகோலில் மாற்று எரிசக்தி, மழைநீர் சேகரிப்பு, கழிவு மேலாண்மை, பசுமைத் தணிக்கை ஆகியவற்றுக்கு மதிப்பெண் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கணக்கு வளாகச் சுவரோடு நின்றுவிடுகிறது. உள்ளே எத்தனை மரம், எத்தனை சூரிய மின்தகடு என்று எண்ணுகிறோம். பூமிக்கடியிலிருந்து எவ்வளவு நீரை எடுத்தோம், அதில் எவ்வளவைத் திருப்பிக் கொடுத்தோம் என்பதைப் பக்கத்து ஊருக்குச் சொல்லும் வழக்கம் வேரூன்றவில்லை. அது வேரூன்ற வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் தன் நீர்க்கணக்கை வெளியிட வேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் கோரிக்கை.

இந்தப் பகுதியின் நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தால் கோரிக்கையின் நியாயம் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை, ஓடைகளாக இறங்கி வருகிறது. வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகள் அதில் ஒரு பகுதியைத் தேக்குகின்றன. அங்கிருந்து நீர் கண்மாய் கண்மாயாக நிறைந்து, ஒன்றின் கலுங்கு வழிந்து அடுத்ததன் வரத்துக்காலில் சேர்ந்து, அர்ச்சுனா நதியாகக் கிழக்கே நடக்கிறது. இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அருகே அது வைப்பாற்றோடு கலந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. மலையடிவாரத்தில் இருப்பவர் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு குடமும் சாத்தூர்ப் பக்கத்துக்காரரின் குடத்தில் குறையும். இங்கே கட்டடம் எழுப்பும்போது ஒரு வரத்துக்கால் மூடப்பட்டால், அதன் விலையைக் கொடுப்பவர் நான்கு ஊர் தள்ளி இருக்கும் சம்சாரி.

சிறிய கணக்கு ஒன்று போடலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு. 5,000 பேர் தங்கும் விடுதி வளாகத்துக்கு நாளொன்றுக்கு 6.75 லட்சம் லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி என்றால் தினமும் 56 லாரி. மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வது சுமார் 800 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கர் மொட்டைமாடியில் விழுவதில் 80 சதவீதத்தைப் பிடித்தாலும் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 26 லட்சம் லிட்டர் கிடைக்கும். விடுதிக்கு அது நான்கு நாள் கூடக் காணாது.

மழைநீர் சேகரிப்பு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அதை மட்டும் செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது என்பதே. உபயோகிக்கும் நீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளிவருகிறது. அந்த 5.4 லட்சம் லிட்டரில்தான் பெரிய வாய்ப்பு இருக்கிறது. அதைச் சுத்திகரித்துக் கழிப்பறைத் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் திருப்பினால், போர்வெல் ஓடும் நேரம் கண்கூடாகக் குறையும். புல்தரைக்கு நன்னீர் பாய்ச்சுவதை இந்த மண்ணில் எந்த நியாயமும் தாங்காது.

சூரிய மின்சாரம் பற்றியும் ஒரு எச்சரிக்கை அவசியம். மின்கட்டணம் குறையும்போது மோட்டாரை நிறுத்தும் காரணமும் குறைகிறது. தகடு பதிக்கும் கையோடு ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றிலும் நீர் மீட்டர் பொருத்தாவிட்டால், கரியைச் சேமித்து நிலத்தடி நீரைத் தொலைப்போம்.

இதையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் வழியில்லை. தமிழ்நாடு நிலத்தடி நீர் சட்டம் 2003-ல் நிறைவேறியது. முறையாக நடைமுறைக்கு வராமலே 2013-ல் திரும்பப் பெறப்பட்டது.

குப்பைக்கு நிலைமை அப்படியில்லை. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகக் கூறின. மெஸ்ஸில் மிஞ்சும் சோறும் காய்கறிக் கழிவும் அதே மெஸ்ஸின் அடுப்புக்கு எரிவாயுவாகத் திரும்பலாம்.

மரம் நடுவதிலும் எண்ணிக்கையைவிட எந்த மரம், எங்கே என்பது முக்கியம். சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அந்த அணில் தரையில் இறங்கித் திரியும் உயிர் அல்ல. கிளைக்குக் கிளை தாவியே வாழ்கிறது. இடைவெளி விட்டு வரிசையில் நிற்கும் அழகுமரங்கள் அதற்கு உதவாது. மலையடிவார வளாகங்களில் மருது, நாவல் போன்ற நம் மண்ணின் மரங்கள் கிளைகோத்து நிற்க வேண்டும். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதற்கு நல்ல முன்மாதிரி. 1937-ல் அங்கே குடிபெயர்ந்தபோது கிடைத்த 300 ஏக்கருக்கு மேற்பட்ட புதர்க்காட்டை அது பூங்காவாக மழித்துவிடவில்லை. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் போன்றவர்கள் செடி செடியாகக் கவனித்துக் காத்தார்கள். பெருநகரம் சுற்றி வளைத்த பிறகும் அது காடாகவே நிற்கிறது.

“ஆலைகளும் தோப்புகளும்தான் நீரை எடுக்கின்றன; கல்லூரியை மட்டும் கேட்பானேன்?” என்று ஒரு கேள்வி எழும். எல்லோரும் கணக்குக் காட்ட வேண்டியவர்கள்தான். ஆனால் அளக்கத் தெரிந்தவர்கள் கல்லூரியில் இருக்கிறார்கள். கட்டடப் பொறியியல் மாணவருக்கு நீரோட்டத்தை அளக்கத் தெரியும். வேதியியல் ஆய்வகத்தில் உப்பைச் சோதிக்கலாம். வேளாண் மாணவர் மண்ணின் ஈரத்தைப் பார்க்கலாம். பல்கலைக்கழகங்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று 1990-லேயே பிரான்சின் தலுவாரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள் தாங்களாகவே உறுதிமொழி எடுத்தார்கள். உலகப் பசுமைத் தரவரிசைகளோ கல்லூரிகள் தாமே அனுப்பும் விவரங்களைப் பெரிதும் நம்பி நடப்பவை. பக்கத்து ஊர்க்காரர் முன்னால் வைக்கும் கணக்குக்கு அதைவிட மதிப்பு அதிகம். கிணற்றில் நீர் எத்தனை அடி இறங்கியது என்பது அவருக்குத் தெரியும்.

சுற்றுச்சூழல் கல்வி இளநிலைப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடம். அதை மனப்பாடம் செய்து எழுதும் தாளாக வைத்திருப்பது வீண். ஆளுக்கொரு கிணறு, குழுவுக்கொரு வரத்துக்கால் என்று கொடுத்து, பருவத்துக்குப் பருவம் அளந்து எழுதச் சொல்லலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமை ஆண்டுக்கொரு ஊர் என்று மாற்றாமல், ஒரே கண்மாயில் ஐந்தாண்டு தொடர்ந்து நடத்தினால் மடையும் கலுங்கும் உருப்படும். ‘உன்னத் பாரத் அபியான்’ திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்க வேண்டும். அந்த ஐந்தும் தங்கள் நீர்வழியில் உள்ள ஊர்களாக இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, கோடை தொடங்கும் நேரம் அது. வளாகம் அமைந்துள்ள ஊராட்சியின் அந்தக் கூட்டத்தில் கல்லூரியின் முதல்வரோ பதிவாளரோ நேரில் வந்து, ஆண்டில் எடுத்த நீர், சுத்திகரித்துத் திருப்பிய நீர், போர்வெல்களின் நீர்மட்டம் ஆகிய மூன்று விவரங்களையும் தமிழில் வாசித்து, ஊராட்சிப் பலகையிலும் எழுதிவைக்க வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். வருகிற மார்ச் மாதமே தொடங்கலாம்.